சூறைக்காற்றில் போன கூரை: இன்ஷூரன்ஸ் மறுப்புக் கடிதத்தோடு முடிந்துவிடாது

சித்திரை, வைகாசியில் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கோடை மழையோடு சூறைக்காற்றும் வருவதுண்டு. பரமத்தி வேலூர் பக்கம் வாழை சாயும். ராசிபுரம், ஓமலூர் பக்கம் வீட்டு ஓடு சரியும்; சிமெண்ட் அட்டை பறக்கும். வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தும், கம்பெனி "இல்லை" என்று ஒரு கடிதம் அனுப்பியதும் அதோடு விட்டுவிடும் விவசாயிகள் பலர். அது தேவையற்ற நஷ்டம்.

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் முதலில் பாங்கில் விசாரிப்பது நல்லது. கடனோடு சேர்த்து பாலிசியும் எடுக்கப்பட்டிருக்கக்கூடும். 2021 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டு பாலிசியில் புயல், சூறாவளி, வெள்ளச் சேதம் அடங்கும். கோழிப் பண்ணைக் கொட்டகை குடியிருப்பு வீடு அல்ல. அதற்குத் தனி பாலிசி வேண்டும்.

காரணம் எழுத்தில் வேண்டும்

வாய்மொழி மறுப்பை ஏற்கக்கூடாது. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்கலாம். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பிறகு வழக்கில் கொண்டுவர முடியாது என்று 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. ஆகவே அந்தக் கடிதம் கம்பெனியையும் கட்டுப்படுத்தும். சர்வேயர் அறிக்கையே இறுதி முடிவு அல்ல என்பதும் 2009-ல் அதே கோர்ட் கூறியதே.

காரணத்துக்கு ஏற்ற சாட்சியம்

"புயல் இல்லை, கூரை பழசு" என்பது காரணமானால், அன்றைய காற்று, மழை விவரத்தைச் சேலம் வானிலை நிலையப் பதிவிலிருந்து கேட்டுப் பெறலாம். மின்கம்பம் சாய்ந்திருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மின்வாரியப் பதிவின் நகலைக் கேட்கலாம். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, அக்கம்பக்கத்தில் விழுந்த மரங்களின் படம், அன்றைய பத்திரிகைச் செய்தி ஆகியவையும் பலம் சேர்க்கும்.

"தாமதமாகத் தெரிவித்தீர்" என்றால், தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அதை மட்டும் வைத்து உண்மையான கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே அறிவுறுத்தியுள்ளது. மழை ஒழுகாமல் கூரையைப் பழுது பார்த்தவர்கள் உடைந்த ஓட்டையும் அட்டையையும் தூக்கி எறியாமல் ஓரமாக வைத்திருக்க வேண்டும். பில்களையும் படங்களையும் பத்திரப்படுத்த வேண்டும்.

அடுத்த படிகள்

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் புகார் செய்யலாம். இதற்கு ஓராண்டு கெடு. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது, விவசாயி தானே பேசலாம்.

அங்கும் தீரவில்லையானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆணையங்கள் உண்டு. 2019-ம் ஆண்டு சட்டப்படி, வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கட்டிய பிரீமியம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் போகக் கூடாது. ஆணையத்தில் வழக்கு இருக்கும்போது ஆம்பட்ஸ்மன் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்.

பாலிசி, பிரீமியம் ரசீது, மறுப்புக் கடிதம், படங்கள் இவற்றை இரண்டு நகல் எடுத்து ஒரே பையில் வைத்துக் கொண்டால் அலைச்சல் குறையும். காலக்கெடு மட்டும் தவறக்கூடாது. பருவம் தப்பிய விதைப்பு போலத்தான் கெடு தப்பிய மனுவும்.