மருந்துச் சீட்டு எழுதாத வைத்தியம்

பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, ராத்திரியில் அலறி எழுகிறான் என்றால் பழனிசெட்டிபட்டிப் பக்கம் பல வீடுகளில் முதலில் நினைவுக்கு வருபவர் கோடாங்கி. உடுக்கைச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தேனி டாக்டர். அவர் எழுதிக் கொடுத்தால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி. அங்கே மனநல மருத்துவர் பார்த்துவிட்டு, "சைக்காலஜிஸ்ட்டையும் பாருங்க" என்பார். அந்த ஆள் ஊசி போடமாட்டார், மாத்திரையும் தரமாட்டார். வீட்டாருக்கு அதுதான் பெரிய குறை.

அந்த சைக்காலஜிஸ்ட்டின் துறையான மருத்துவ உளவியல் தொடங்கியதே படிப்பு வராத ஒரு பையனால்தான். 1896-ல் ஃபிலடெல்ஃபியாவில், எழுத்துக்கூட்டத் தடுமாறிய 14 வயது மாணவனை ஓர் ஆசிரியை பேராசிரியர் லைட்னர் விட்மரிடம் கூட்டிவந்தார். விட்மர் கண்ணாடி போடவைத்தார், தனிப் பயிற்சியும் கொடுத்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய கிளினிக்தான் இத்துறையின் பிறப்பிடம். 1907-ல் துறைக்குப் பெயரும் வைத்தார்.

நம் பக்கம் கதை வேறு. சென்னையில் 1794-லேயே மனநோயாளிகளுக்கு விடுதி வந்துவிட்டது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. ஆனால் அங்கே நடந்தது பெரும்பாலும் காவல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-ல் வந்தது. பெங்களூரு அகில இந்திய மனநல நிறுவனம், இன்றைய நிமான்ஸ், மருத்துவ உளவியலுக்கென்று பட்டயப்படிப்பு தொடங்கியபோது 1955 ஆகிவிட்டது.

அதே ஆண்டு சி.எம். பாட்டியாவின் அறிவுத்திறன் சோதனைகள் வெளிவந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளையும் மனத்தில் வைத்துச் செய்தவை. அவற்றில் ஒன்றைப் பாருங்கள்: தட்டையான ஒரு பெட்டி, ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். உள்ளே சிவப்பும் நீலமுமாய்க் கட்டைகள். கையால் தூக்கக் கூடாது. தள்ளித் தள்ளியே அந்தந்த நிறத்து முனைக்குச் சேர்க்க வேண்டும். எவ்வளவு நேரம் எடுத்தான் என்பதோடு, முட்டிக்கொண்டதும் என்ன செய்தான் என்பதையும் உளவியலாளர் கவனிப்பார். பொறுமை இழந்தானா, வழியை மாற்றினானா, அம்மா முகத்தைப் பார்த்தானா?

அந்தக் கவனிப்பு இன்று ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது. அரசு மருத்துவமனைகளில் பலரும் உளவியலாளரைத் தேடுவது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு ஐ.க்யூ. வேண்டும் என்பதற்காக. பேசிக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு வாராவாரம் வரவேண்டும். விடியலில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவருக்கு ஒவ்வொரு வாரமும் ஒருநாள் கூலி போகும். சிகிச்சை பாதியில் நிற்பதற்கு அறியாமையைக் காரணம் காட்டுவது நியாயமில்லை என்பேன்.

2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதி தீப்பிடித்தபோது சங்கிலியோடு கருகிச் செத்தவர்கள் 28 பேர். அவர்களை அங்கே விட்டுப்போன குடும்பங்களில் பலவற்றுக்குப் பக்கத்தில் போக வேறு இடமில்லை. தாலுகா மருத்துவமனைக்கு ஒரு மருத்துவ உளவியலாளர், அதுவும் மாலை நேரத்தில் இருந்தால்தான் கோடாங்கிக்கு மாற்று என்று ஒன்றைச் சொல்ல முடியும். அரசு அதைச் செய்ய வேண்டும்.

தனியாரிடம் போகிறவர்கள், பெயர்ப் பலகையை நம்பாமல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 'டெலி மானஸ்' எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.