சுமப்பவர் நலம்

ஈரோட்டைச் சரக்குகளின் ஊர் என்று சொன்னால் அது மிகையாகாது. சுற்றுப்புற வயல்களில் விளையும் மஞ்சள் மூட்டை மூட்டையாக மண்டிகளுக்கு வந்து சேர்கின்றது. தறியில் நெய்த துணி பெரிய கட்டுகளாக ஜவுளிச் சந்தைக்கு வருகின்றது. வந்த சரக்குகள் மீண்டும் லாரி ஏறி நாட்டின் நான்கு திசைகளுக்கும் செல்கின்றன. நெடுந்தொலைவை வண்டிகள் கடந்துவிடுகின்றன. ஆனால் வண்டிக்கும் கிடங்கிற்கும் இடையேயுள்ள பத்தடித் தொலைவைப் பெரும்பாலும் இன்றும் கடப்பது மனிதனுடைய தோளேயாகும்.

இவ்வூரிலிருந்து நாள்தோறும் புறப்படும் மற்றொரு சரக்கும் உண்டு. அதற்கு விலையில்லை, குப்பை என்பது அதன் பெயர். ஈரோடு 1871இல் நகராட்சியாகி, 2008இல் மாநகராட்சியாயிற்று. இத்தனை ஆண்டுகளிலும் பொழுது புலர்வதற்கு முன்னரே எழுந்து அதன் தெருக்களைத் தூய்மை செய்தோர் பலர். நமக்கு வேண்டியவற்றைக் கொண்டுவருவோர் ஒரு சாரார். வேண்டாதவற்றைக் கொண்டுபோவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றி மாணவ நேயர்களுக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன்.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ இராமசினி என்பார். மோடெனா என்னும் நகரில் அவரது வீட்டுக் கழிவுக்குழியைத் தூய்மை செய்ய ஒருவர் வந்தார். அம்மனிதர் மிகுந்த பரபரப்புடன் வேலை செய்வதைக் கண்ட இராமசினி, இவ்வளவு விரைவு ஏன் என்று வினவினார். குழிக்குள் நெடுநேரம் தங்கினால் கண் கெட்டுவிடும் என்று விடை வந்தது. அந்த விடையே ஓர் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. 1700இல் அவர் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் கழிவுக்குழி தூய்மை செய்வோருக்கும் இடமுண்டு. சுமை தூக்குவோருக்கும் இடமுண்டு. நோயாளியிடம் கேட்கும் வினாக்களோடு, "உமது தொழில் யாது?" என்பதையும் மருத்துவர் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

விபத்து நேர்ந்தவிடத்து நம்மவர் கூறும் காரணங்கள் இரண்டு. ஒன்று, "அவன் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்பது. மற்றொன்று, "எல்லாம் தலையெழுத்து" என்பது. இவ்விரண்டும் ஆராய்ச்சியை அவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றன. சற்று நிதானித்துப் பார்ப்போமாயின் வேறோர் உண்மை புலனாகும். சுமை ஒருவருடைய தோளை அடையும் முன்னரே, அதன் எடை, வடிவம், உள்ளீடு ஆகியவற்றைப் பிறரொருவர் முடிவு செய்துவிடுகின்றார். சுமப்பவர் நலத்தின் பெரும்பகுதி, சுமையைக் கட்டிக் கொடுப்பவர் கையிலேயே இருக்கின்றது. இதனை முதலில் சுமை தூக்கும் தொழிலிலும், பின்னர்க் குப்பை அகற்றும் தொழிலிலும் காண்போம்.

இயற்பியலில் நெம்புகோல் பற்றி நீங்கள் கற்றிருப்பீர்கள். வகுப்பில் ஓர் அளவுகோலையும் சில எடைக்கற்களையும் கொண்டு நான் அதனை விளக்குவதுண்டு. அப்போது மாணவர்களுடைய முதுகையே எடுத்துக்காட்டாகக் கொள்வேன். நம் இடுப்புப் பகுதியிலுள்ள முள்ளெலும்பு ஆதாரத் தானமாகின்றது. முதுகுத் தசைகள் அதற்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் நின்று இழுக்கின்றன. 20 கிலோ எடையுள்ள பெட்டியை முள்ளெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தொலைவில் நீட்டிப் பிடித்தால், 20ஐ 50ஆல் பெருக்கி 5ஆல் வகுக்க வேண்டும். அஃதாவது, 200 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தசைகள் இழுக்க வேண்டும். அதே பெட்டியை 25 சென்டிமீட்டர் தொலைவிற்கு அணைத்துக்கொண்டால் விசை 100 ஆகக் குறைகின்றது. குனியும்போது நம் உடலின் எடையும் இதனோடு சேரும். இவ்வளவு அழுத்தத்தையும் தாங்குவது முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள மெத்தை போன்ற வட்டத் தட்டு. அது பிதுங்கி நரம்பை நெருக்கும்போது, இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்குகின்றது.

ஆதலால் பாதங்களை அகற்றி வைத்து, முழங்காலை மடக்கி, சுமையை மார்போடு அணைத்துத் தூக்குதல் வேண்டும். தூக்கியபின் இடுப்பைத் திருகாமல், காலடி எடுத்து வைத்துத் திரும்புதல் வேண்டும். இவை நல்ல விதிகளே. எனினும், அணைக்க இயலாத அளவிற்கு அகன்ற பெட்டியையும், பிடிக்கக் காதில்லாத கூடையையும் கொடுத்துவிட்டு விதியை மட்டும் ஓதுவதால் பயன் என்ன?

எடையின் செய்தியும் இத்தகையதே. பருவம் எய்திய ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கத்தக்க பேரளவு 55 கிலோ என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. அமெரிக்க நாட்டுத் தொழில்நல ஆய்வு நிறுவனம் ஒன்று 1991இல் திருத்தி வகுத்த கணக்கோ, சுமை உடலுக்கு அருகில், ஏறத்தாழ இடுப்புயரத்தில், நல்ல பிடியுடன் இருக்கும்போதும் 23 கிலோவையே தொடக்க அளவாகக் கொள்கின்றது. நிலைமை கெடக்கெட அந்த அளவும் குறையும். நாம் அன்றாடம் காணும் சிமெண்டு மூட்டை 50 கிலோ. அந்த அளவைப் போல இரண்டு மடங்கிற்கும் மேல். நம் நாட்டில் ஒரு காலத்தில் தானியமும் சர்க்கரையும் 100 கிலோச் சாக்குகளில் வந்தன. பின்னர்ச் சாக்கு சிறிதாயிற்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சிமெண்டுப் பை 25 கிலோவாகவே கிடைக்கின்றது. மனிதனுடைய முதுகெலும்பு எந்த நாட்டிலும் ஒன்றுதான். மாறியது பையைத் தைப்பவருடைய அளவுகோலேயாகும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லை நீங்கள் கண்டிருக்கலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் குறுக்காக ஒரு கல்லை வைத்திருப்பார்கள். வழிப்போக்கர் பிறர் துணையின்றித் தலைச்சுமையை அதில் இறக்கி இளைப்பாறுவர். பின்னர்க் குனியாமலே மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்வர். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக இக்கல்லை நடுவது வழக்கமாக இருந்தது. இறக்கப்படாத சுமையின் துயரத்தை உணர்ந்தவர்கள், பிறர் சுமையை இறக்க வழி செய்தார்கள் என்று இதனைக் கொள்ளலாம்.

மண்டியில் மூட்டை தூக்கும் முதியவர் ஒருவர் என்னிடம், "தூக்கறது பெருசில்லீங்க வாத்தியாரய்யா, எறக்கறதுக்குத்தான் நல்ல எடம் வேணுமுங்க" என்றார். சுமைதாங்கியின் தத்துவம் அவ்வளவே. லாரியின் தளத்திற்குச் சமமான உயரத்தில் கிடங்கின் மேடை இருந்தால் மூட்டையை உருட்டியே ஏற்றலாம். சாய்வுப் பலகையும் இரு சக்கரத் தள்ளுவண்டியும் பேருதவி புரியும். தலைக்குச் சும்மாடு வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை.

வீடு மாற்றும் வேலையில் இடர்கள் வேறு வகையின. பீரோவை உள்ளே துணிமணிகளோடு தூக்கச் செய்வது பலருடைய வழக்கம். அதனைக் காலி செய்து, கதவைப் பூட்டி, கயிறு கட்டிக் கொடுப்பது வீட்டாரின் பொறுப்பு. சமையல் எரிவாயு உருளையில் வாயு 14.2 கிலோ, உருளையோடு சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. அதனைத் தோளில் ஏற்றி மூன்று மாடி ஏறுபவருக்கு, படிகளில் கிடக்கும் செருப்பும் பூத்தொட்டியும் பகையாகும். பலர் கூடித் தூக்கும்போது ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் ஒருங்கே தூக்குவர். "ஐலசா" என்னும் கூக்குரல் களைப்பைப் போக்குவதற்கு மட்டும் எழுந்ததன்று. எல்லோருடைய விசையும் ஒரே நொடியில் சேர்வதற்காகவும் எழுந்தது.

லாரியில் ஏற்றும்போது சக்கரத்திற்குக் கட்டை கொடுத்தல், கனமான சரக்கைக் கீழே வைத்தல், கயிற்றை இறுகக் கட்டுதல், தலைக்குமேல் மின்கம்பி செல்கின்றதா என்று பார்த்தல் ஆகியவை இன்றியமையாதவை. சரக்கின்மேல் ஆட்களை ஏற்றிச் செல்வது கொடிய வழக்கம். வண்டி பின்னோக்கி வரும்போது ஓட்டுநர் காணும் இடத்தில் நின்று ஒருவர் வழிகாட்டுதல் வேண்டும்.

இனிக் குப்பையைக் காண்போம். சுமை தூக்குவோர் தம் சுமையைக் கண்ணால் காண்கின்றனர். தூய்மைப் பணியாளரோ கட்டிய பைக்குள் என்ன இருக்கின்றதென்று அறியாமல் கையிடுகின்றார். ஈரோட்டின் குப்பை வெண்டிபாளையம், வைராபாளையம் ஆகிய கிடங்குகளைச் சென்றடைவதற்குள் எத்தனையோ கைகளைக் கடக்கின்றது. உடைந்த கண்ணாடி ஒரு கையைக் கிழிக்கின்றது. அக்காயத்தின் வழியே மண்ணிலுள்ள கிருமியால் இசிவு நோய் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தால் எலிக்காய்ச்சல் வரலாம். சர்க்கரை நோய்க்கு வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்வோர் இன்று பலர். அந்த ஊசியைப் பையில் அப்படியே எறிந்தால் அது பிறர் விரலில் ஏறும். இரத்தத்தின் வழியே பரவும் ஹெப்பாடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோயின் நுண்ணுயிர், உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் நோய் பரப்பும் ஆற்றலோடு இருக்கவல்லது. செல்பேசியின் மின்கலம் வண்டியில் நசுங்கினால் தீப்பற்றும். இவற்றைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கண்ணாடியைத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் இட்டு, மேலே எழுதி, தனியே கொடுக்கலாம். ஊசியைக் கெட்டியான மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் அடைத்துச் சொல்லிக் கொடுக்கலாம். நான் பணியாற்றிய பள்ளியில் உடைந்த கண்ணாடிக்கென ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தோம். அதனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாணவர்கள் முறைவைத்து ஏற்றனர்.

2016இல் வெளிவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை மட்குவது, மட்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்குமாறு வீட்டாரைப் பணித்தன. கையுறை, காலணி, முகக்கவசம், மழையங்கி, இருளில் ஒளிரும் மேலாடை ஆகியவற்றைப் பணியாளருக்கு அளிக்கவும் வழி வகுத்தன. இவை வேண்டுவனவே. ஆயினும் பாதுகாப்பு இயலில் ஐந்து படிகள் உண்டு. இடரை அறவே நீக்குதல், எளிய ஒன்றால் மாற்றுதல், கருவியால் தடுத்தல், வேலை முறையை ஒழுங்கு செய்தல், இறுதியாக உடலுக்குக் காப்பணி அணிவித்தல் என்பன அவை. கையுறை ஐந்தாவது படி. அதனையும் ஊசி துளைத்துவிடும். பைக்குள் ஊசியே இல்லாதிருத்தல் முதற்படி. அந்த முதற்படி நம் வீட்டில் இருக்கின்றது.

உயிரையே பறிக்கும் இடர் மூடிய குழிகளில் உள்ளது. கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு உண்டாகின்றது. சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ மூக்கே மரத்து நாற்றம் தெரியாது போகும். உள்ளே மூச்சுக் காற்றும் குறைந்திருக்கும். 2014 மார்ச்சு மாதம் பெருந்துறைச் சிப்காட் வளாகத்தில் ஒரு சாய ஆலைக் கழிவுநீர்த் தொட்டியின் நச்சுவாயுவால் 7 தொழிலாளர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளில், முதலில் இறங்கியவரைக் காக்க விரைந்து இறங்குபவரும் மடிவது வழக்கமாகிவிட்டது. ஆதலால் தக்க கருவியின்றி மீட்பதற்காகவும் இறங்கலாகாது. தீயணைப்பு நிலையத்தை அழைத்தல் வேண்டும். காப்பின்றி மனிதரைக் கழிவுக்குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் அளிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் பணித்தது. 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. உங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பினால் உறிஞ்சு வண்டியை மட்டுமே அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கென 14420 என்னும் தொலைபேசி எண் உண்டு.

கொங்கு நாட்டுக் கோடையையும் மறத்தலாகாது. ஈரோட்டில் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் பல. அவ்வெயிலில் உழைப்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கொரு முறை ஒரு குவளை நீர் அருந்துதல் நலம். ஆனால் ஒதுங்கக் கழிப்பிடம் இன்மையால் நீரே அருந்தாமல் வேலை செய்யும் பெண்கள் உளர். நீர் வைப்பதும், நிழல் தருவதும், கழிப்பிடம் அமைப்பதும் பாதுகாப்பின் பாற்பட்டனவேயாகும்.

உடலுழைப்புத் தொழிலாளருக்கெனத் தமிழ்நாட்டில் 1982இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியே நலவாரியங்களும் அமைந்தன. அவற்றில் பதிவு செய்துகொள்ளாத தொழிலாளரும் உளர். படித்த மாணவர்கள் தம் தெருவிலுள்ள தொழிலாளர் ஒருவருக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாலும் அது சிறந்த தொண்டாகும்.

துப்புரவுப் பணியாளர் என்றழைத்தவர்களை இன்று தூய்மைப் பணியாளர் என்றழைக்கின்றோம். பெயர் உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. செயலும் அதனைத் தொடர வேண்டும். நாளைக் காலையில் உங்கள் வீட்டுக் குப்பைப் பையை நீங்களே கட்டுங்கள். கட்டுவதற்கு முன் அதனுள் இருப்பவற்றை ஒருமுறை பாருங்கள். அந்தப் பையை உங்கள் தாயோ தந்தையோ வெறுங்கையால் பிரிக்க வேண்டியிருந்தால் எவ்வாறு கட்டுவீர்களோ, அவ்வாறே கட்டிக் கொடுங்கள்.