காருக்குப் புதுச் சக்கரம்: அழகும் அளவும்

மைசூர்வாழ் தமிழ்க் குடும்பங்களுக்குக் கார் என்பது இந்நாளில் செல்வச் செருக்கின் அடையாளம் அன்று. பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டிற்கும் உற்றார் வீட்டுத் திருமணத்திற்கும் குழந்தை குட்டிகளுடன் ஊர் சென்று வர உதவும் தேவைப் பொருளே அது. கோவைக்கும் ஈரோட்டுக்கும் செல்லும் நம்மவர் சாமராஜநகரைக் கடந்து, ஆசனூர் வழியாகத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகின்றனர். அங்கே வண்டியின் பாரம், வளைவுகளில் பக்கவாட்டில் தள்ளும் விசை, பிரேக்கின் வெப்பம் ஆகிய மூன்றையும் நான்கு சக்கரங்களே தாங்குகின்றன. ஒவ்வொரு சக்கரத்தையும் காருடன் பிணைத்து நிற்பவை நான்கோ ஐந்தோ நட்டுகள் மட்டுமே.

இத்தகைய உறுப்பைத்தான் நம் இல்லத்து இளைஞர் பலர் அழகு கருதி மாற்ற விழைகின்றனர். காருடன் வந்த இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கடையில் மின்னும் அலாய் வீலைப் பூட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆசை குற்றமன்று. அளவறியாது வாங்குவதே தீங்கு.

யான் இரயில்வேயில் எழுத்தர் பணி புரிபவன், பொறியாளன் அல்லன். ஆயினும் இரயில்வே தன் சக்கரத்தை எத்துணைக் கண்டிப்புடன் நடத்துகிறது என்பதை நம் அன்பர்கள் அறிதல் நலம். பெங்களூரை அடுத்த எலகங்காவில் 1984-ஆம் ஆண்டு முதல் இரயில் சக்கரத் தொழிற்சாலை இயங்கி வருகிறது. சக்கரத்தை அச்சின்மேல் அழுத்திப் பொருத்துகையில், எவ்வளவு அழுத்தம் ஏற்றது என்பது வரைபடமாகப் பதிவு செய்யப்படும். அகலப் பாதை வண்டியின் ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களுக்கும் இடையே 1600 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். இதில் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பிழை பொறுக்கப்படுவதில்லை. காருக்கு இத்தகைய மேற்பார்வை இல்லை. ஆதலின் அப்பொறுப்பு உரிமையாளரையே சார்கிறது.

நான்கு அளவுகள்

சக்கரம் வாங்குவோர் பெரும்பாலும் வினவுவது "பதினைந்து அங்குலமா, பதினாறா?" என்பது ஒன்றே. குறுக்களவு நான்கில் ஒன்றுதான். ஏனைய மூன்றும் கண்ணுக்கு எளிதில் புலப்படா.

இரண்டாவது, நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். கடைக்காரர் இதனைப் பி.சி.டி. என்பர். மாருதி ஸ்விப்டுக்கு நான்கு துளைகள், 100 மில்லிமீட்டர் வட்டம். ஃபியட் புன்டோவுக்கும் நான்கு துளைகளே. ஆனால் வட்டம் 98 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று முடுக்கினால் நட்டும் ஏறிவிடக் கூடும். ஆனால் சாய்ந்து அமரும். சாய்ந்த நட்டு ஓட்டத்தில் தளரும், அல்லது போல்ட்டை முறிக்கும்.

மூன்றாவது, நடுத் துளை. காரின் ஹப் சக்கரத்தின் நடுத் துளையில் இறுக அமர வேண்டும். துளை பெரிதாயின் சக்கரம் மையம் தவறி, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். இடைவெளியை நிரப்பச் சரியான அளவுள்ள வளையம் இடுதல் வேண்டும்.

நான்காவது ஆஃப்செட். சக்கரத்தின் அகலத்தில் நடுக்கோட்டிற்கும், அது ஹப்பைத் தொடும் பரப்பிற்கும் உள்ள தூரமே அது. இவ்வெண் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும். பார்வைக்கு மிடுக்காகத் தோன்றும்; ஆனால் பேரிங் அதிகச் சுமையைத் தாங்க நேரும், முழுப் பாரம் ஏற்றியபோது டயர் மட்கார்டில் உராயும்.

இவற்றோடு நட்டையும் நோக்குக. ஸ்விப்டின் நட்டும் ஹூண்டாய் கார்களின் நட்டும் 12 மில்லிமீட்டர் பருமன் உடையவை. ஆயின் முன்னதன் புரி இடைவெளி 1.25 மில்லிமீட்டர், பின்னதன் புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றில் வலிந்து ஏற்றினால் புரி அழியும். மேலும், சில சக்கரங்களுக்குக் கூம்பு முனை நட்டும், சிலவற்றுக்கு உருண்டை முனை நட்டும் உரியவை.

டயரின் கணக்கு

ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் சிறிதாக வேண்டும். மொத்த உயரம் மாறலாகாது. ஸ்விப்டின் 165/80 ஆர்14 டயர் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர் உயரம். அதே காரின் உயர்ந்த மாதிரிக்கு வந்த 185/65 ஆர்15 டயர் 621 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இதற்கு மாறாக, தடிப்பு வேண்டி 205/65 ஆர்15 இட்டால் உயரம் 647 மில்லிமீட்டரைத் தாண்டும். அப்போது ஸ்பீடாமீட்டர் 80 காட்டுகையில் கார் உண்மையில் 83-க்கும் மேல் ஓடும். பக்கச்சுவரை மிகக் குறைத்தாலோ, பள்ளத்தில் விழும்போது அடி முழுதும் ரிம்மின் மீது பாயும். இரும்பு வளையும், அலாய் விரிசல் காணும். விரிசலைப் பற்றவைத்து விற்கும் பழைய சக்கரம் எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும் வண்ணம் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதனை வலியுறுத்தியது. ஆகவே மிகப் பாதுகாப்பான வழி, தம் காரின் உயர்ந்த மாதிரிக்கு உற்பத்தியாளரே இடும் சக்கரத்தையும் டயரையும் வாங்குவதாம். வேறு வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், தாங்கும் சுமையின் அளவையும் பார்த்து, இரசீது பெறுக. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திற்கும் எழுத்து மூலம் தெரிவித்து விடுக.

பூட்டும் முறை

ஹப்பின் முகத்திலுள்ள துருவைத் துடைத்த பின்னரே சக்கரத்தை வைத்தல் வேண்டும். நட்டுகளை முதலில் விரலால் திருகி ஏற்றுக. பின்னர் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, மாறி மாறி முடுக்குக. வரிசையாகச் சுற்றி வந்தால் சக்கரம் கோணி அமரும். காற்றுத் துப்பாக்கியால் ஓங்கி முடுக்குவதோடு நிறுத்தாமல், காரின் கையேடு கூறும் அளவுக்கு டார்க் ஸ்பானரால் இறுதி இறுக்கம் தரச் செய்க. அருகில் நின்று இதைக் கேட்க நாணுதல் வேண்டா. பின் வீல் பாலன்சிங்கும் அலைன்மெண்டும் செய்விக்க. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் சோதிக்க. ஊருக்குப் புறப்படும் நாளன்று புதுச் சக்கரம் பூட்டுவது தகாது. ஒரு வாரம் முன்னரே பூட்டி, நகருக்குள் ஓட்டிப் பார்த்தல் நன்று.

ஸ்டெப்னியை மறவாதீர்கள். பழைய இரும்புச் சக்கரமே ஸ்டெப்னியாக இருப்பின், அதற்குரிய பழைய நட்டுகளையும் ஒரு பையிலிட்டு டிக்கியில் வைத்திருங்கள். அலாய்க்குரிய நட்டு இரும்புச் சக்கரத்திற்குப் பொருந்தாமற் போகலாம். இருட்டிய வேளையில், காட்டு வழியில், குழந்தைகளை வைத்துக்கொண்டு அதனை அறிதல் கொடிது.

ஒரு சக்கரத்தின் விலையைப் பேரம் பேசிக் குறைக்கும் நாம், அதன் அளவுகளில் மட்டும் பேரத்திற்கு இடம் தரலாகாது. கடைக்குச் செல்லுமுன் கையேட்டைத் திறந்து நான்கு எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வெண்களோடு பொருந்தாத சக்கரம் எத்துணை அழகாயினும் கடையிலேயே இருக்கட்டும்.