விநியோகச் சங்கிலியில் பிளாக்செயின்: மாம்பழமும் சரக்குப்பெட்டியும்

ஒரு விளைபொருள் நுகர்வோரை அடையுமுன் உழவர், பொதி செய்வோர், ஏற்றுமதியாளர், கப்பல் நிறுவனம், சுங்கத்துறை, மொத்த வணிகர் எனப் பல கைகள் மாறுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைத் தனியே எழுதி வைப்பதால், பிழை நேர்ந்த இடத்தைக் கண்டறிய அத்தனை கணக்குகளையும் பின்னோக்கிப் புரட்ட வேண்டியுள்ளது. பிளாக்செயின் என்பது இப்பதிவுகளைப் பங்கேற்போர் பலரிடமும் ஒத்த படிகளாக வைக்கும் பொதுப்பேரேடு. ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் ஹாஷ் குறியீட்டைத் தாங்கியிருக்கும். எனவே பழைய பதிவொன்றை மாற்றினால் அடுத்துள்ள குறியீடுகள் பொருந்தாமற்போய், மாற்றம் வெளிப்பட்டுவிடும்.

வால்மார்ட் நிறுவனம் ஐபிஎம்முடன் இணைந்து ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் தளத்தில் நடத்திய சோதனை இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. நறுக்கிய மாம்பழப் பொதி ஒன்றின் தோட்டத்தைக் கண்டறியப் பழைய முறையில் ஏறத்தாழ 7 நாள்கள் ஆயின; புதிய முறையில் 2.2 வினாடிகளே ஆயின. இவ்வேகம் உயிர் தொடர்பானது. 2018இல் அமெரிக்காவில் ரோமெய்ன் லெட்யூஸ் கீரைவழிப் பரவிய ஈ.கோலித் தொற்றால் 210 பேர் நோயுற்றனர். 5 பேர் இறந்தனர். அரிசோனாவின் யூமா பகுதிக் கீரையை உண்ண வேண்டாம் என அரசு அறிவித்தது. ஆனால் கையிலுள்ள கீரை எங்கு விளைந்தது என்பதை வாங்கியவர் அறிய வழியில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் வால்மார்ட் தன் கீரை வழங்குநர்களை இத்தளத்தில் இணையுமாறு கோரியது.

எனினும் அந்த 2.2 வினாடிகளைப் பிளாக்செயினின் தனிச்சாதனையாகக் கொள்வது பொருந்தாது. ஒரே வடிவில் முன்னரே உள்ளிடப்பட்ட தரவுகளை எந்தத் தரவுத்தளமும் விரைந்து தேடித் தரும். உள்ளிடும் உழைப்பே பெரிது. அது பெரும்பாலும் தோட்டத்திலும் பொதிகூடத்திலும் இருப்போர்மீதே விழுகிறது. பெட்டியில் தவறான தொகுப்பெண் ஒட்டப்பட்டால் அத்தவற்றையும் பேரேடு மாறாமல் காக்கும். ஒருவரையொருவர் முழுதும் நம்பாத பலர், எவர் ஒருவர் கையிலும் ஒப்படைக்க விரும்பாத கணக்கைப் பகிரும்போதுதான் பிளாக்செயினுக்குத் தனித்தேவை எழுகிறது.

கப்பல் சரக்குப் போக்குவரத்து அத்தகைய களமே. மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் தளம், சரக்குப்பெட்டி ஆவணங்களைத் துறைமுகங்களும் சுங்கத்துறைகளும் ஒருங்கே காண வழி செய்தது. ஆயினும் போட்டி நிறுவனமொன்றின் தளத்தில் தம் சரக்கு விவரங்களை இடப் பிற கப்பல் நிறுவனங்கள் தொடக்கத்தில் தயங்கின. எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் ஆகியவை 2019இல் இணைந்த பின்னரும் துறை முழுமையின் ஒத்துழைப்பு கிட்டவில்லை. அதனையே காரணமாகக் கூறி, 2022 நவம்பரில் தளத்தை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது.