பிடித்த வேலையைத் தேட ஒரு புத்தகம் எவ்வளவு உதவும்?

வேலையில் மனம் ஒட்டாதவர்கள் வாங்கும் சுயமுன்னேற்ற நூல்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று மனத்தைத் தேற்றி, தெம்பு ஊட்டி, நம்பிக்கையை விடாதே என்று சொல்லும். மற்றது பென்சிலைக் கையில் கொடுத்து எழுதச் சொல்லும். எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியே போய் நாலு பேரைப் பார்த்துப் பேசச் சொல்லும். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். ஆனால் வேலையை மாற்றிக்கொள்ளவோ, இருக்கிற வேலையைச் சீர்ப்படுத்திக்கொள்ளவோ நினைப்பவருக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

முதல் வகைக்கு வயது அதிகம். ஸ்காட்லாந்தில் பிறந்த சாமுவேல் ஸ்மைல்ஸ், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மாலை வேளைகளில் கூடிப் படித்துக்கொண்டிருந்த இளம் தொழிலாளர்களிடம் 1845 வாக்கில் உரையாற்றினார். அந்த உரைகளே விரிந்து 1859இல் 'செல்ஃப் ஹெல்ப்' என்ற நூலாயின. இந்த வகை நூல்களுக்கே பெயர் தந்த புத்தகம் அது. 1903இல் ஜேம்ஸ் ஆலன் எழுதிய சிறு நூலை வ.உ.சிதம்பரம் பிள்ளை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார்; ஆலனின் வேறு சில நூல்களும் அவர் கையால் தமிழுக்கு வந்தன. உழைப்பு, ஒழுக்கம், மனவுறுதி இவையே இந்நூல்களின் பேச்சு. கிடைத்த வேலையில் உயர்வது எப்படி என்று அவை சொல்லும். எந்த வேலை தனக்கு ஒத்துவரும் என்ற கேள்வி அவற்றில் இல்லை.

தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பெருகி, அப்பன் தொழில் பிள்ளைக்கு என்ற நிலை தளர்ந்த நகரங்களில்தான் அந்தக் கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908இல் இளைஞர்களுக்கென ஒரு தொழில் வழிகாட்டு நிலையம் தொடங்கினார். அதே ஆண்டு அவர் இறந்துவிட்டார். அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. அவர் சொன்ன முறை எளியது. முதலில் தன்னை அறிய வேண்டும். பிறகு தொழில்களை அறிய வேண்டும். அதன்பின் இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். நூறாண்டுக்கு மேல் ஆகியும் நல்ல தொழில் வழிகாட்டு நூல்கள் இந்தச் சட்டகத்தைத் தாண்டி அதிக தூரம் போய்விடவில்லை.

பார்சன்ஸின் சட்டகத்தைச் சாதாரண வாசகர் தாமே செய்து பார்க்கும் பயிற்சியாக மாற்றியவர் ரிச்சர்ட் போல்ஸ். எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் குருவானவரான அவர், சான் ஃபிரான்சிஸ்கோவின் பேராலயம் ஒன்றில் பணியாற்றினார். 1968இல் நிதி நெருக்கடியால் அந்த வேலை போயிற்று. அடுத்து அவருக்குக் கிடைத்த பணி, கல்லூரி வளாகங்களில் ஊழியம் செய்த குருமார்களைச் சந்திப்பது. அவர்களுக்கும் ஒவ்வொருவராக வேலை போய்க்கொண்டிருந்தது. இறையியல் தவிர வேறொன்றும் படிக்காதவர்கள் இனி என்ன செய்வது என்று அவரைக் கேட்டார்கள். அவர்களுக்காகவே அவர் தகவல் திரட்டி, 1970இல் சொந்தச் செலவில் ஒரு கையேடு அச்சிட்டார். இந்த வேலையிலிருந்து குதித்துவிடப்போகிறேன் என்று யாராவது சொன்னால், 'உங்கள் பாராசூட் என்ன நிறம்?' என்று அவர் கேட்பாராம். அந்தக் கேள்வியே நூலின் பெயராயிற்று. 1972இல் பெர்க்லியின் டென் ஸ்பீட் பிரஸ் அதைப் பொதுவாசகருக்காக வெளியிட்டது. ஆண்டுதோறும் திருத்தப்பட்டு ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த நூலை, 2017இல் தம் 90ஆவது வயதில் இறக்கும்வரை போல்ஸ் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். வேலை இழந்தவர் வேலை இழந்தவர்களுக்காக எழுதியது என்பதாலோ என்னவோ, அதில் உபதேசம் குறைவு; செய்யவேண்டிய காரியம் அதிகம்.

நூலின் மையம் ஒரு பூ. ஏழு இதழ்கள் கொண்ட அந்தப் படத்தில், எப்படிப்பட்ட மனிதர்களோடு வேலை செய்யப் பிடிக்கும், எத்தகைய பணிச்சூழல் ஒத்துவரும், எந்தத் திறமைகளைப் பயன்படுத்தும்போது மகிழ்ச்சி வருகிறது, எந்தத் துறை அறிவு இருக்கிறது, எவ்வளவு சம்பளமும் பொறுப்பும் வேண்டும், எந்த ஊரில் வாழ விருப்பம், வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். இவற்றில் திறமைகளைக் கண்டுபிடிக்கும் பகுதிதான் மிகவும் பயனுள்ளது. உங்கள் திறமை என்ன என்று நேரடியாகக் கேட்டால் பலருக்கும் வாய் அடைத்துப்போகும். அல்லது பதவியின் பெயரைச் சொல்வார்கள். அதனால் போல்ஸ், வாசகர் தம் வாழ்வில் விரும்பிச் செய்து முடித்த ஏழு காரியங்களைக் கதையாக எழுதச் சொல்கிறார். அவை அலுவலகக் காரியங்களாக இருக்க வேண்டியதில்லை. ஊர்க் கோயில் திருவிழாவின் வரவு செலவைத் தீர்த்துக்கொடுத்தது, பழுதான மோட்டாரைப் பிரித்து மாட்டி ஓடவைத்தது, பேச்சுவார்த்தை அறுந்துபோன இரண்டு குடும்பங்களைப் பேசவைத்தது என எதுவும் ஆகலாம். பிறகு ஒவ்வொரு கதையிலும் என்ன செய்தோம் என்று வினைச்சொற்களைத் தேட வேண்டும்: கணக்கிட்டது, பிரித்துப் பார்த்தது, சமாதானம் பேசியது. ஏழு கதைகளிலும் திரும்பத் திரும்ப வரும் வினைகள்தான் எழுதியவருடைய கைவசத் திறமைகள். வேலை மாறினாலும் கூடவே வருபவை அவைதான்.

திரட்டிய பட்டியலை வரிசைப்படுத்தவும் ஒரு வழி உண்டு. பத்து அம்சங்கள் இருந்தால் பத்தையும் ஒருசேரப் பார்த்துக் குழம்பாமல், இரண்டிரண்டாக எடுத்து, இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது வேண்டும் என்று கேட்டுக்கொள்வது. பத்து அம்சங்களுக்கு 45 ஒப்பீடுகள். சலிப்பான வேலைதான், ஆனால் சம்பளமே முதன்மை என்று நினைத்திருந்தவர், மாலையில் வீடு திரும்பும் நேரம் அதைவிட மேலே வந்து நிற்பதை இந்தக் கட்டத்தில்தான் பார்ப்பார்.

எழுதுவதற்கு வேறொரு பயனும் இருக்கிறது. 1994இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் உடனுழைத்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேலையிலிருந்து நீக்கப்பட்ட அனுபவமிக்க பொறியாளர்களில் ஒரு பிரிவினர், அந்த இழப்பைப் பற்றிய எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் சில நாட்கள் தொடர்ந்து எழுதினார்கள். அப்படி எழுதாதவர்களைவிட அவர்களுக்கு விரைவில் வேலை கிடைத்தது. அவர்கள் அதிக நேர்காணல்களுக்குப் போனதாகவும் தெரியவில்லை. மனத்தில் தேங்கியிருந்த கோபம் எழுத்தில் வடிந்தது, அடுத்தவர் முன் அமரும்போது உதவியிருக்கலாம். பழைய மேலாளர் மீதான ஆத்திரத்தோடு புதிய வேலையைத் தேடுபவர் முதலில் இதைச் செய்வது நல்லது.

தன்னை அறிவதற்குப் புத்தகங்கள் தரும் இன்னொரு கருவி, ஆர்வச் சோதனை. இவற்றில் அதிகம் பரவியது உளவியலாளர் ஜான் ஹாலண்டின் ஆறு பிரிவு முறை. கையால் செய்வது, ஆராய்வது, கலைப்படைப்பு, பிறருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்திப் பராமரிப்பது என்ற ஆறில் ஒருவரிடம் மேலோங்கி நிற்பவை எவை என்று அது பார்க்கிறது. இப்படி ஆர்வத்துக்குப் பொருந்திய வேலையில் இருப்பவர்களுக்கு நிறைவு சற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அந்தத் தொடர்பு வலுவானதல்ல. சோதனையின் முடிவைச் சாதகக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்தத் திசையில் தேடத் தொடங்கலாம் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

பெரும்பாலான வாசகர்கள் நின்றுவிடும் இடம் இதற்கு அடுத்த படி. தன்னைப் பற்றி எழுதுவது சுகமானது. முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேசுவது அப்படியல்ல. ஆனால் போல்ஸின் நூலுக்கு உயிர்நாடியே இதுதான். விரும்பும் வேலையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரைச் சந்தித்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், இதில் மிகவும் பிடித்தது எது, பிடிக்காதது எது, வேறு யாரிடம் நான் பேசலாம். வேலை கேட்பதற்கான சந்திப்பு அல்ல இது, வேலையைத் தெரிந்துகொள்வதற்கானது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது. நான்காவது கேள்வி அடுத்த வீட்டுக் கதவைத் திறக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் செய்த ஆய்வு 1974இல் நூலாக வந்தது. அதில் வேலை மாறியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், ஆள் மூலமாகவே வேலையைப் பற்றித் தெரிந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆட்களில் பலர் நெருங்கிய நண்பர்களல்ல; எப்போதாவது பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகங்களுக்குத்தான் வேறு உலகத்துச் செய்தி தெரியும்.

பேசியபின் சிறிய அளவில் செய்து பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பில் பர்னெட், டேவ் எவன்ஸ் இருவரும் 2016இல் வெளியிட்ட 'டிசைனிங் யுவர் லைஃப்' இந்தப் பகுதியை நன்றாகச் சொல்கிறது. பொருள் வடிவமைப்பாளர் முதலில் அட்டையில் மாதிரி செய்து பார்ப்பதுபோல், வாழ்க்கை மாற்றத்துக்கும் மாதிரி செய்யலாம் என்பது அவர்கள் வாதம். அடுத்த ஐந்தாண்டுக்கு மூன்று வெவ்வேறு திட்டங்களை வரையச் சொல்கிறார்கள்: இப்போதைய பாதையே தொடர்ந்தால், அந்தப் பாதை அடைபட்டுப்போனால், பணமும் ஊர்ப்பேச்சும் பொருட்டில்லை என்றால். மூன்று வரைந்தபின், ஒரே ஒரு சரியான வேலை எங்கோ ஒளிந்திருக்கிறது என்ற பயம் குறைந்துவிடும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பரீட்சை. ஆசிரியராக விரும்பும் கணக்காளர் ராஜினாமா செய்வதற்கு முன் வார இறுதியில் சில பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துப் பார்க்கலாம். ஒரு மாதம் போதும், கற்பிப்பது பிடித்திருக்கிறதா அல்லது ஆசிரியர் என்ற எண்ணம்தான் பிடித்திருந்ததா என்று தெரிந்துவிடும்.

'உன் பேரார்வத்தைத் தேடு' என்ற அறிவுரை பல நூல்களில் வருகிறது. அதை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தாளர் கால் நியூபோர்ட் 2012இல் எழுதிய நூல், ஆர்வம் முதலில் வந்து திறமை பின்னால் வருவதில்லை, பெரும்பாலும் திறமை வளர வளரத்தான் ஆர்வம் வளர்கிறது என்று வாதிடுகிறது. உளவியலாளர்கள் பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரகரி வால்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அருகில் வருகிறது. ஆர்வம் ஏற்கெனவே உள்ளே முழுதாக இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்கள், புதிய விஷயம் கடினமானதும் சீக்கிரம் கைவிட்டார்கள். அப்படியானால் ஆறு மாதம் ஆகியும் உற்சாகம் பிறக்காத வேலை தவறான வேலை என்று முடிவுகட்ட அவசரம் வேண்டாம்.

இதைவிடக் கெடுதலானது, நினைத்தால் நடக்கும் என்ற வாக்குறுதி. எழுத்தாளர் நெப்போலியன் ஹில்லின் 1937ஆம் ஆண்டு நூலிலிருந்து இன்றுவரை அது பல உருவங்களில் விற்கப்படுகிறது. கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர், பட்டப்படிப்பை முடிக்கும் மாணவர்களை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அதிகம் கனவு கண்டவர்கள் குறைவான விண்ணப்பங்களே போட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வேலை வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. கனவே பாதி நிறைவைத் தந்துவிடுவதால் முயற்சிக்கான வேகம் தணிந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். தன்னைப் புகழ்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் பயிற்சியும் இப்படித்தான். தன்மதிப்பு ஏற்கெனவே குறைந்தவர்கள் அதைச் செய்தபோது மனம் இன்னும் சோர்ந்தது என்று 2009இல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு கண்டது. வேலையில் அடிபட்டு வந்தவருக்கு இத்தகைய புத்தகம் ஆறுதல்கூட ஆகாது. நடக்காதபோது, நீ சரியாக நம்பவில்லை என்று பழியையும் அவர் தலையிலேயே போட்டுவிடும். வேலை வாய்ப்பே சுருங்கிய காலத்தில், கடனும் வயதான பெற்றோரும் உள்ள ஒருவர் தயங்குவது மனக்குறை அல்ல.

இந்த நூல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை என்பதும் நினைவிருக்க வேண்டும். நாற்பது வயதில் துறை மாறுவதை அவை இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. அரசுத் தேர்வுக்கு வயது வரம்பும், வேலைவிட்ட இடைவெளியைச் சந்தேகத்தோடு பார்க்கும் முதலாளிகளும் உள்ள இடத்தில், பயிற்சிகளை அப்படியே செய்யலாம். கால அட்டவணையை மட்டும் சொந்தமாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

புத்தகம் தனியாக எவ்வளவு செய்யும்? தொழில் தேர்வு உதவிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஆலோசகர் இல்லாமல் தானே செய்துகொள்ளும் முறைகளின் பலன் மிகக் குறைவு என்று கண்டார்கள். ஸ்டீவன் பிரவுனும் நான்சி ரயன் கிரேனும் 2000இல் எழுதிய ஆய்வுரை, பலன் தரும் உதவிகளில் ஐந்து கூறுகளைக் குறிப்பிட்டது: எழுத்துப் பயிற்சி, எழுதியதைப் பற்றித் தனிப்பட்ட கருத்து, தொழில்களைப் பற்றிய தகவல், அப்படிச் செய்து வென்றவர்களின் முன்மாதிரி, சுற்றியிருப்பவர்களின் ஆதரவு. புத்தகம் எழுத்துப் பயிற்சியை நன்றாகத் தரும். முன்மாதிரிகளையும் ஓரளவு காட்டும். எழுதியதைப் படித்துவிட்டு, 'இது நீ எழுதியது மாதிரி இல்லையே, உன் அண்ணன் ஆசை மாதிரி இருக்கிறதே' என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அதனால் இத்தகைய நூலை இரண்டு மூன்று பேர் சேர்ந்து, வாரம் ஒரு பயிற்சி என்று செய்வது தனியாகப் படிப்பதைவிட அதிகப் பயன் தரும். தமிழ்நாட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் இருக்கின்றன. பதிவு புதுப்பிக்கும் இடம் என்றே பலர் நினைக்கும் அங்கே, நிரப்பிய பயிற்சித் தாள்களோடு போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

எல்லாப் பயிற்சியும் முடிந்தபின் வேலையை விட வேண்டாம் என்று தெரியவரும் சமயமும் உண்டு. ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் எழுதிய கட்டுரை, அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிப் பேசுகிறது. எல்லோருக்கும் ஒரே வேலைதான். சிலர் சொன்னதை மட்டும் செய்தார்கள். வேலை பிடிக்கவில்லை என்றார்கள். வேறு சிலர் நோயாளிகளோடு பேசினார்கள், வழி தெரியாத உறவினர்களைக் கூட்டிப்போனார்கள், தாங்களும் குணப்படுத்தும் குழுவில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். நினைவிழந்து கிடந்தவர்களின் அறைகளில் படங்களை இடம் மாற்றி வைத்த பணியாளர் ஒருவரும் உண்டு. அந்த மாற்றம் ஏதாவது நல்லது செய்யாதா என்ற எண்ணம்தான். வேலையின் எல்லைக்குள்ளேயே செய்யும் காரியங்களையும், பழகும் ஆட்களையும், அதைப் பார்க்கும் விதத்தையும் தானே கொஞ்சம் திருத்திக்கொள்வது இது. ஏழிதழ்ப் பூவை நிரப்பியவர், தற்போதைய வேலையோடு அதை ஒப்பிட்டு, எந்த இரண்டு இதழ்கள் வாடியிருக்கின்றன என்று பார்க்கலாம். வாடியது திறமையோ பழகும் மனிதர்களோ என்றால் மேலாளரிடம் பேசி மாற்ற இடமுண்டு. வாடியது சம்பளமோ உடல்நலத்தைக் கெடுக்கும் நேரமோ என்றால், எப்படிப் பார்த்தாலும் அது மாறாது. அப்போது அந்த நான்கு கேள்விகளோடு அடுத்தவரைத் தேடிப் போக வேண்டியதுதான்.