லீட்ஸ் இசைத்தட்டின் சடசடப்பு

பழைய ஓலைச்சுவடி ஒன்றைப் பதிப்பிக்க முனையும் அறிஞர், செல்லரித்த இடத்திற்கு வந்ததும் சற்றே தயங்குவார். மறைந்த எழுத்தை ஊகித்து எழுதலாமா, அல்லது அவ்விடத்தைப் புள்ளியிட்டு விட்டுவிடலாமா என்பது அவருடைய ஐயம். பழைய ஒலிப்பதிவைப் புதுப்பிப்போருக்கும் இதே ஐயம் எழுகின்றது. மாணவ நண்பர்களே, அதற்குச் சான்றாக ஓர் ஆங்கில இசைத்தட்டின் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

'தி ஹூ' என்பது இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்ற ராக் இசைக்குழு. பாடியவர் ரோஜர் டால்ட்ரி. கித்தார் வாசித்தவர் பீட் டவுன்ஷெண்ட். கீழ்ச்சுருதிக்குரிய பேஸ் கித்தார் ஜான் என்ட்விசிலுடையது. டிரம் கீத் மூனுடையது. மேடையில் இவர்கள் எழுப்பிய முழக்கத்தை இசைத்தட்டில் அடைத்துத் தரவேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு நெடுநாள் இருந்தது. 1969ஆம் ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பதிவான ஒலிநாடாக்கள் மலைபோல் குவிந்துவிட்டன. அத்தனையையும் உட்கார்ந்து கேட்பது ஆகாத காரியம் என்று கண்டு, அவற்றை எரித்துவிடச் சொன்னதாக டவுன்ஷெண்டே பின்னாளில் கூறியிருக்கிறார். எரித்தது சரியா என்று எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை, அது நிற்க.

அதன்பின் பதிவுக்கென்றே இரண்டு கச்சேரிகள் ஏற்பாடாயின. 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்று. மறுநாள் ஹல் நகரில் மற்றொன்று. லீட்ஸில் கச்சேரி நடந்த இடம் இசையரங்கம் அன்று, மாணவர்களின் உணவுக்கூடம். ஹல் கச்சேரியின் தொடக்கப் பாடல்கள் சிலவற்றில் பேஸ் கித்தார் பதிவாகாமற் போயிற்று. ஆகவே லீட்ஸ் பதிவே தேர்வு பெற்றது. அதிலும் ஒரு குறை இருந்தது: நாடாவில் ஆங்காங்கே 'டிக், டிக்' என்னும் சடசடப்பு.

அவ்வாண்டு மே மாதம் ஆறே பாடல்களுடன் இசைத்தட்டு வெளிவந்தது. கள்ளத்தனமாய் அச்சிட்ட தட்டோ என்று ஐயுறும்படி, பழுப்பு அட்டையில் முத்திரை குத்தியதுபோல் பெயர் பொறித்திருந்தார்கள். தட்டின் நடுவே ஒட்டியிருந்த சீட்டில், சடசடப்பொலி இருப்பது சரியே, அதைத் திருத்த வேண்டா என்ற பொருளில் கையால் எழுதிய குறிப்பு ஒன்று காணப்பட்டது. அக்காலத்தில் இசைத்தட்டு சடசடத்தால், ஊசியில் தூசி என்றோ தட்டில் கீறல் என்றோதான் எவரும் எண்ணுவர். குறையை ஒளிக்காமல் தட்டின்மேலேயே எழுதிவிட்ட அந்தத் துணிவை நான் மெச்சுகிறேன்.

புதுப்பித்தல் என்பதில் இரு வேலைகள் உண்டு. கச்சேரியைப் பதிவு செய்யும்போது, பாட்டும் கருவிகளும் ஒரே அகன்ற நாடாவில் வெவ்வேறு தடங்களில் இறங்குகின்றன. லீட்ஸில் இவ்வாறு எட்டுத் தடங்கள். அவற்றை அளவறிந்து இரண்டு தடங்களாகக் கலப்பது 'மிக்ஸிங்'. கலந்து முடிந்ததைத் தட்டுக்கு ஏற்றவாறு பக்குவம் செய்வது 'மாஸ்டரிங்'. தட்டில் கீழ்ச்சுருதி ஒலிக்கு அகலமான பள்ளம் வேண்டும். அதை மிகுதியாக விட்டால் ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறைந்துவிடும். ஆதலால் அந்நாளில் பேஸ் ஒலியை அடக்கி வைப்பது வழக்கம். குறுந்தகட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

1995இல் ஜான் ஆஸ்ட்லி என்பவர் லீட்ஸ் நாடாக்களை மீண்டும் எடுத்துக் கலந்து செம்மை செய்தார். ஆறு பாடல்கள் 14 ஆயின. சடசடப்புகளுட் பெரும்பாலானவை கணிப்பொறியின் துணையால் நீங்கின. குறுந்தகட்டில் ஒலி, நொடிக்கு 44,100 எண்களாகப் பதிந்திருக்கும். சடசடப்பு நிகழும் இடத்தில் சில எண்கள் மட்டும் திடீரென்று எகிறி நிற்கும். அவற்றை நீக்கி, முன்னும் பின்னும் உள்ள எண்களைக்கொண்டு இடைவெளியை ஊகித்து நிரப்புவதே முறை. சுவடியில் எழுத்தை ஊகிப்பது போலத்தான். ஆனால் டிரம்மின்மேல் குச்சி விழும் முதற்கணமும் அவ்வாறே திடீரென எழும் ஒலி! கருவி கண்மூடித்தனமாய் வேலை செய்தால் சடசடப்போடு டிரம்மின் கூர்மையும் போய்விடும். இன்னதை நீக்கு, இன்னதை விடு என்று தீர்ப்பதற்கு மனிதச் செவியே வேண்டியிருக்கிறது.

இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். பழைய தட்டின் முரட்டுத்தனம் புதியதில் சற்றுத் தணிந்திருப்பது உண்மை. சடசடப்பு இல்லாத லீட்ஸ் லீட்ஸே அன்று என்று வருந்துவோரும் உளர். நான் அவர்கள் பக்கம் இல்லை. உணவுக்கூடத்தில் நின்று கேட்ட மாணவர் எவர் காதிலும் அந்தச் சடசடப்பு விழவில்லை. அது கருவியின் கோளாறேயன்றிக் கச்சேரியின் பகுதி அன்று. அதை நீக்கினால் நாம் அந்தக் கூடத்திற்கு அருகே செல்கிறோம்.

2010இல் நடந்தது வேறு வகை. அவ்வாண்டு ஹல் கச்சேரியையும் முழுமையாக வெளியிட விரும்பினர். பேஸ் கித்தார் இல்லாத தொடக்கப் பாடல்களுக்கு என் செய்வது? முதல்நாள் லீட்ஸில் என்ட்விசில் வாசித்ததை எடுத்து, ஹல் பாடல்களின் காலப்பிரமாணத்திற்குப் பொருத்தி ஒட்டினார்கள். என்ட்விசில் 2002இலேயே காலமாகிவிட்டார். மீண்டும் வாசித்துத் தர அவர் இல்லை. வாசித்த கை அவருடையதே; பாடலும் அதுவே. எனினும் ஒரே சுவடியின் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு விடுபட்டதை நிரப்புவது வேறு. இரண்டு இரவுகளை இணைப்பது வேறு. ஹல் நகரில் அன்றிரவு கீத் மூன் ஒரு திருப்பத்தில் விரைந்திருந்தால், அதைக் கேட்டு என்ட்விசிலும் விரைந்திருப்பார். நாம் கேட்பதோ முந்தைய இரவின் மூனுக்கு அவர் தந்த விடை. இதை மறைக்காமல் வெளியிட்டோர் சொல்லிவிட்டனர் என்பதால் குறைகூற மாட்டேன். ஆனால் அப்பாடல்களைக் கேட்கும்போதெல்லாம் என் செவி பேஸ் கித்தாரைத் தனியே பிரித்துத் தேடிக்கொண்டிருக்கிறது.