சட்டமும் சங்கதியும்

நியாயஸ்தலத்தில் எழும் கேள்விகள் இருவகைப்படும். நடந்தது என்ன என்பது சங்கதியைப் பற்றிய கேள்வி. நடந்ததற்குச் சட்டம் என்ன பெயரிடுகிறது என்பது சட்டத்தைப் பற்றிய கேள்வி. ஜூரி முறை வழங்கிய காலத்தில் முன்னதை ஜூரர்களும் பின்னதை நீதிபதியும் தீர்மானித்து வந்தனர். இது வக்கீல்களுக்கு மட்டும் வேண்டிய சூக்ஷ்மம் என்று நம்மவரில் பலர் எண்ணலாம். அவ்வெண்ணம் எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு லோகமான்ய திலகரின் முதல் ராஜத்துவேஷ வழக்கே சான்று.

'கேசரி'யில் வெளியான எழுத்துக்களுக்காகத் திலகர் 1897-ஆம் வருஷம் செப்டம்பரில் பம்பாய் ஹைகோர்ட்டில் விசாரிக்கப்பட்டார். இந்தியன் பீனல் கோடு 124-ஏ பிரிவு, அரசாங்கத்தினிடம் அப்ரீதியை மூட்டுவதைக் குற்றமாக்கியிருந்தது. திலகரின் நோக்கம் என்ன என்பது சங்கதி. அதை முடிவு செய்ய ஒன்பது ஜூரர்கள் அமர்ந்திருந்தனர். அப்ரீதி என்றால் என்ன என்பது சட்டம். அதைச் சொல்ல நீதிபதி ஸ்ட்ராச்சி இருந்தார். பிரீதி இல்லாமையே அப்ரீதி என்று அவர் வியாக்கியானம் செய்தார். கலகம் விளைந்திருக்க வேண்டுவதில்லை, கலகத்தைத் தூண்டியிருக்கவும் வேண்டுவதில்லை என்றார்.

இதன்பின் ஜூரர்களுக்கு மிஞ்சிய வேலை யாது? அந்நிய ஆட்சியைக் கண்டித்து எழுதுகிற எந்தத் தேசபக்தன் அதனிடம் பிரீதியை வளர்க்கிறான்? குற்றவாளி என்றனர் அறுவர். நிரபராதி என்றனர் மூவர். பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அப்பீல் செய்ய அனுமதி கேட்டதைப் பிரிவி கவுன்ஸில் மறுத்துவிட்டது. மறுவருஷமே சர்க்கார் அப்பிரிவைத் திருத்தி, துரோக சிந்தையும் பகைமையும் அப்ரீதியில் அடங்கும் என்று எழுதிக்கொண்டது.

சுதந்திர இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டு 1962-இல் இதே பிரிவைப் பரிசீலித்தது. பலாத்காரத்தைத் தூண்டும், அல்லது பொது அமைதியைக் குலைக்கும் நோக்கமோ இயல்போ உடைய பேச்சும் எழுத்துமே அதற்கு உட்படும் என்று வரம்பு கட்டியது. 1897-இல் இந்த வரம்பு இருந்திருக்குமானால், ஜூரர்கள் ஆராய வேண்டிய சங்கதியே வேறாக இருந்திருக்கும்.

1973-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லை. பீனல் கோடும் 2024 ஜூலை முதல் தேதியோடு போயிற்று. ஆயினும் எந்தச் சட்டத்திலும் பொருள் விரியக்கூடிய சொற்கள் உண்டு. இன்று இருவகைக் கேள்விக்கும் நீதிபதியே விடை கூறுகிறார். சங்கதியில் பிழை நேர்ந்தால் ஒருவன் கெடுவான். சட்டத்தின் பொருளில் பிழை நேர்ந்தால் அவனுக்குப் பின் வருவோர் அனைவரும் கெடுவர். ஆதலின், ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்று கேட்கும்போது, அவர் என்ன செய்தார் என்பதோடு நில்லாமல், எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் கொண்டு தண்டித்தார்கள் என்றும் நாம் விசாரித்தறிய வேண்டும்.